தலையில்லாத மயிலும் ஆறு நாள் ஊசியும்

பழைய பேனரின் மேல் புதிய பேனரை இழுத்துக் கட்டினால் பழையது தெரியாது. இருபத்திரண்டு வருடமாகத் தென்காசியில் ஃப்ளெக்ஸ் அடித்துப் பிழைக்கிறவன் நான். என் தொழிலில் இதைவிடப் பெரிய உண்மை கிடையாது. காதுகுத்துக்கு மேல் கல்யாணம், கல்யாணத்துக்கு மேல் கண்ணீர் அஞ்சலி என்று ஒரே சட்டத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஏற்றியிருக்கிறேன். அடியில் சிரித்துக்கொண்டிருப்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்த விதி மனிதத் தோலுக்கும் செல்லும் என்று நம்பினேன். ஐம்பத்தோரு வயதில், காய்ச்சல் எதுவும் இல்லாமல், நாலு இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு நம்பினேன். கூடவே, குற்றாலத்து அருவித் தண்ணீர் எந்தப் புண்ணையும் ஆற்றிவிடும் என்றும் நம்பினேன். இரண்டு நம்பிக்கையும் கைகோத்து என்னை ஆறு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தின. தோலில் ஏதோ தொந்தரவு இருந்து, பச்சை குத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைப் படியுங்கள். மற்றவர்கள் சிரிப்பதற்காகப் படியுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

வலது முழங்கைக்கு மேலே, வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்தில் எனக்கு ஒரு படை. நாலு வருடமாக இருந்தது. சிவந்த தோல், அதன் மேல் வெள்ளிச் செதில். தலையிலும் கொஞ்சம், முழங்காலுக்குக் கீழே கொஞ்சம். தலையில் இருப்பதைப் பொடுகு என்று சொல்லிவிட்டேன். காலில் இருப்பதை வேட்டி பார்த்துக்கொண்டது. கைக்கு முழுக்கைச் சட்டை. சித்திரை வெயிலிலும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுத் திரிந்தேன். தூங்கும்போதும் அதே சட்டைதான். கேட்டவர்களிடம், முதலாளி என்றால் அப்படித்தான்வே இருக்க வேண்டும் என்பேன். மெடிக்கல் ஷாப்பில் பெயர் தெரியாத ஒரு டியூபை வாங்கித் தடவுவேன். தடவினால் அடங்கும், நிறுத்தினால் வட்டியோடு திரும்பி வரும். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. அவர் பார்த்துவிட்டுத் தொழுநோய் என்று சொல்லிவிட்டால்? சொல்லாத வரைக்கும் அது இல்லைதானே. என் மனைவி கோமதிக்குக்கூட இது தெரியாது என்பது என் நம்பிக்கைகளில் மூன்றாவது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மகள் செல்விக்கு இலத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவள் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், மாப்பிள்ளை போலீஸ்காரர். அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். நிச்சயத்தை எங்கள் குலதெய்வக் கோயிலில் வைத்துக்கொள்வோமே என்றார். சரி என்றேன். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கோயிலில் ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தட்டு மாற்றுவதும் அப்படித்தான்.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் நீட்டி வாங்க வேண்டும். ஐம்பது பேர் பார்ப்பார்கள். அப்பனுக்கு இருப்பது பிள்ளைக்கும் வருமே என்று அதில் ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளிடம் குனிந்து சொன்னால் போதும். தட்டு நடுவழியில் நின்றுவிடும். நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. கடைக்கும் டீக்கடைக்குமாக நடந்தேன்.

அந்த நேரம் பார்த்து என்னிடம் பேனர் அடிக்க வந்தவர் கையில் ஒரு கழுகு. பைக்கில் விழுந்த தழும்பை மூடுவதற்காகப் பச்சை குத்தினாராம். தழும்பு எங்கே என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்கு அசரீரி கேட்டது. அன்று மாலையே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மயில் ஒன்றை வரைந்தேன். இலஞ்சி முருகன் மேல் உள்ள பக்தி என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் மயிலுக்குத்தான் தோகை உண்டு. தோகைக்கு அடியில் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம்.

முதலில் போனது தென்காசியில் மாடியில் உள்ள ஒரு கடைக்கு. கடைக்காரர் கையுறை போட்டிருந்தார். ஊசியைப் பிரிக்காத உறையோடு மேசையில் வைத்திருந்தார். உட்கார்ந்ததும் ஒரு தாளை நீட்டினார். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தோல் நோய் உண்டா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா என்றெல்லாம் கேள்வி. சொத்தை மறைக்கிற வேட்பாளர் மாதிரி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினேன்.

அவர் கையுறையைக் கழற்றி வைத்தார்.

“அண்ணாச்சி, பேப்பரு இல்லைங்கு. கை ஆமாங்கு. நான் எதை நம்ப?”

வேர்க்குரு என்றேன். வேர்க்குருவுக்குச் செதில் வராது என்றார். தோல் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வரச் சொன்னார். டாக்டர் சம்மதித்தாலும் படை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு புள்ளி மட்டும் வைத்து, சில வாரம் பொறுத்து, தோல் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் மயிலைத் தொடுவாராம். என்னிடம் இருந்ததோ இனிப் பன்னிரண்டே நாள். பிழைக்கத் தெரியாத ஆள் என்று படி இறங்கும்போது அவரைத் திட்டினேன். அந்தத் தெருவில் அவரைப் போல நல்ல மனிதர் கிடையாது என்று இன்றைக்குச் சொல்வேன்.

மறுநாள் குற்றாலம் போனேன். சீசன், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தருவிக்குப் போகிற சாலையில், நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிற கடைக்கும் ரம்புட்டான் விற்கிற கடைக்கும் நடுவே தார்ப்பாய் கட்டி ஒருவர் மிஷின் வைத்திருந்தார். அவர் தாள் எதையும் நீட்டவில்லை. என் கையைப் பார்த்தார், ஒரு துணியால் செதிலைத் துடைத்தார், வெயில் பட்டிருக்கும் போல என்றார். நான் தேடியது இப்படிப்பட்ட மகானைத்தான். ஊசி புதிதா என்று கேட்டேன். காலையில்தான் மாற்றினேன் என்றார். அப்போது மணி மாலை நாலு.

மூட வேண்டியது தோகை என்பதால் அதிலிருந்தே தொடங்கச் சொன்னேன். படையின் மேல் ஊசி பட்டதும் செதில் எழும்பி, அடியில் ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. மை உள்ளே போகாமல் ரத்தத்தோடு வெளியே வழிந்தது. ஒரு மணி நேரம் போராடிவிட்டு அவர் மிஷினை நிறுத்தினார். மை நிற்க மாட்டேன் என்கிறது, ஆறட்டும், இரண்டு நாள் கழித்து வாருங்கள், தலையைப் போட்டுவிடலாம் என்றார். அதுவரை அருவியில் நனையுங்கள், மூலிகைத் தண்ணீர், சீக்கிரம் ஆறிவிடும் என்று மருத்துவமும் சொன்னார்.

அவர் சொல்லாவிட்டாலும் நனைந்திருப்பேன். மலையில் இருந்து விழுகிற தண்ணீரின் மேல் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சந்தேகமே வராது. சொறி போன கதை, பைத்தியம் தெளிந்த கதை என்று வீட்டுக்கு ஒன்று வைத்திருக்கிறோம். அன்றும் மறுநாளும் முழுக்கைச் சட்டையோடு வரிசையில் நின்று, அருவிக்கு அடியில் போன பிறகு கையைச் சுருட்டி நேராக நீட்டினேன். எரிந்தது. எரிந்தால் மூலிகை வேலை செய்கிறது என்று பக்கத்தில் நின்றவருக்கும் எடுத்துச் சொன்னேன். அவர் முதுகெல்லாம் மசாஜ் எண்ணெய். அவரைக் கழுவிய தண்ணீர் என் கை வழியாகத்தான் கீழே போனது.

மூன்றாம் நாள் கடையில் ஒரு வளைகாப்புப் பேனருக்கு வண்ணம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு தூக்கிப் போட்டது. சட்டைக் கை இறுகியது. உள்ளே யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி சூடு. வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தவனைக் கோமதி எழுப்பி, கையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். முழங்கையில் இருந்து தோள் பக்கம் வரை சிவந்து வீங்கி, நடுவில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது தோகை.

“படத்தைப் போட்டா படை போயிருமா?”

அவ்வளவுதான் கேட்டாள். படை என்று ஒன்று இருப்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை என்பது அந்தக் காய்ச்சலில் எனக்கு உறைக்கவில்லை. அன்றிரவு கஷாயத்தில் தள்ளினோம். விடிந்ததும் ஆட்டோ வந்தது.

காத்திருக்கிற அறைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கடிகாரம் ஓடுகிறது, ஆனால் நேரம் போகாது. டோக்கன் முப்பத்தெட்டு என்று கொடுத்தார்கள். உள்ளே ஏழு ஓடிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இந்த இடைவெளியில் என்னுடைய கண்ணீர் அஞ்சலியை முழுவதுமாக வடிவமைத்து முடித்தேன். நான் போய்விட்டால் என் கடையில் அடிக்க ஆள் இல்லை, எதிர்க்கடைக்காரன்தான் அடிப்பான். அவன் மிஷினில் சிவப்பு எப்போதும் தூக்கலாக விழும். வெற்றிலை போட்ட மாதிரி வாயோடு ஊர்முழுக்க நிற்பேன். போட்டோவாவது நல்லதாகக் கொடுக்கச் சொல்லிவிடலாம் என்று கோமதியிடம் செல்போனை நீட்டினேன். அவள் அதை வாங்கி, அணைத்து, பைக்குள் போட்டாள்.

முப்பத்தெட்டு வருவதற்கு முன்பே ஒரு சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். புனலூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் மலையாள வாடை அடித்தது. கையைப் பார்த்ததும் அவர் கேட்டது நோயைப் பற்றி அல்ல.

“எந்தா அண்ணாச்சி இது, கோழியோ?”

தோல் டாக்டரம்மா வந்தார். அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், எங்கே குத்தினீர்கள், என்ன தடவினீர்கள், எங்கே குளித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை. அருவி என்றதும் பேனாவை மூடினார்.

“மூலிகை மேல இருந்து வருது, சரி. உங்களுக்கு முன்னால நின்னவங்க முதுகும் சேந்துல்லா வருது?”

இதற்குப் பெயர் செல்லுலைட்டிஸ் என்றார். தோலின் மேல்பரப்பில் அல்ல, அதற்கு அடியில் உள்ள சதையில் கிருமி நுழைந்து பரவுவது. மாத்திரைக்கு அடங்காது, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும், படுங்கள் என்றார். பிறகு சிஸ்டர் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த எல்லை நெடுக என் கையைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியும் எழுதினார். சிவப்பு கோட்டுக்குள் நின்றால் மருந்து ஜெயிக்கிறது. கோட்டைத் தாண்டி அக்குளை நோக்கிப் போனால் கீறித் திறக்க வேண்டியிருக்கும். அதுவும் தாமதமானால் ரத்தத்தில் கலக்கும். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். கோட்டைக் கேளுங்கள் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நான் சர்வேயர் ஆனேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தூக்கி எல்லையைப் பார்ப்பேன். இடது கையால் போட்டோ எடுத்து, முந்தைய போட்டோவோடு பெரிதாக்கி ஒப்பிடுவேன். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு மாதிரி, ஜன்னல் ஓரம் ஒரு மாதிரி. முதல் நாள் ராத்திரி சிவப்பு ஒரு விரல் அகலம் கோட்டைத் தாண்டியது. கட்டிலை விட்டு இறங்கி மருந்து பாட்டில் தொங்குகிற கம்பியையும் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். எனக்கு ஓடிப்போக வேண்டும் போல இருந்தது. கம்பிக்குச் சக்கரம் மூன்றுதான் வேலை செய்தது.

பக்கத்துக் கட்டிலில் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர், பதினெட்டு வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டியவர். சர்க்கரை, காலில் புண். அவருக்குத்தான் உண்மையான தொல்லை, சத்தம் மட்டும் என் கட்டிலில் இருந்து வந்தது. நான் நாலாவது தடவை நடந்து திரும்பியபோது கேட்டார்.

“அண்ணாச்சி, அது என்ன படம்? வெளக்குமாறா?”

மயில் என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மயில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். தலை வந்தால்தானே தெரியும்.

இரண்டாம் நாள் டாக்டரம்மா நிதானமாக உட்கார்ந்து பேசினார். முதலில், நாலு வருடம் நான் பயந்து ஒளித்தது தொழுநோய் இல்லை. சொரியாசிஸ். ஒட்டுவாரொட்டி கிடையாது, தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. உடம்பின் காவல் படை, காரணம் இல்லாமல் தோலை அவசரப்படுத்துகிறது. ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் சில நாளிலேயே வளர்ந்து குவிகிறது. அதுதான் செதில். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆர்டர் இல்லாமலே மிஷின் ஓடி, கடை நிறைய பேனர் குவிகிறது. அதேதான் என்றார் டாக்டர்.

அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு, தோலில் எங்கே காயம் படுகிறதோ அங்கேயே புதிதாகப் படை முளைக்கும். கீறல், தீக்காயம், அறுவைத் தழும்பு, எதுவானாலும் சரி. பச்சை குத்துவது என்பது ஆயிரம் காயத்தை வரிசையாக வைப்பது. மூடுவதற்காக நான் போட்ட கோட்டின் மேலேயே அது மறுபடி எழும்பலாம். இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் பச்சையே குத்தக் கூடாதா என்று கேட்டேன், ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர் போல. அப்படிச் சொல்லவில்லை என்றார். நோய் நல்லபடியாக அடங்கிப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும். படையின் மேல் ஒருபோதும் குத்தக் கூடாது. சாப்பிடுகிற மருந்தையெல்லாம் டாக்டரிடமும் குத்துகிறவரிடமும் சொல்ல வேண்டும். ஊசியும் மையும் உங்கள் கண் முன்னால் பிரிபட வேண்டும். முதலில் ஒரு புள்ளி, பிறகு பொறுமை. ஆறுகிற வரை அருவி, குளம், நீச்சல் குளம் எதுவும் ஆகாது. மாடிக்கடைக்காரர் சொன்ன அதே பாடம். அதை நான் பத்துப் படி இறங்குவதற்குள் தொலைத்திருந்தேன்.

கடைசியாகக் குரலைத் தணித்தார். தெருவில் குத்திய ஊசி யார் யார் உடம்பில் போய் வந்தது என்று தெரியாததால், மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுக்க வேண்டும். இன்றைக்கு இல்லை என்று வந்தாலும் சில வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும். கையெழுத்துக் கேட்டார். வலது கை வீங்கியிருந்தது. இடது கையால் புழு நெளிகிற மாதிரி போட்டேன். கோமதி அருகில்தான் நின்றாள். அவள் பேனாவை மூடி டாக்டரிடம் கொடுத்துவிட்டு, கஞ்சி ஆறுது, குடிங்க என்றாள். தொட்டுக்கொள்ளக் காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல், இருந்தது. ஊரில் எனக்குப் பிடித்த ஒரே துவையல்.

சீழைப் பஞ்சில் தொட்டு எடுத்துப் போனார்கள். அதை ஒரு தட்டில் வளர்த்து, எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குப் பயப்படுகிறது என்று பார்ப்பார்களாம். மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா, ஓரிடத்தில் சீழ் தேங்கி நிற்கிறது, கீற வேண்டும் என்றார். அன்று காலையே மைதீன் பாயையும் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு கீறல் கீறி, பிதுக்கி, துணி திணித்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அந்த நேரத்துக்குள் நான் இடது கையால் மவுசைப் பிடித்துக் கடை நடத்துவது எப்படி என்று திட்டம் போட்டு, கடையை விற்று, விற்ற பணத்தைச் செல்வி பேரில் போட்டும் முடித்திருந்தேன்.

கட்டிலுக்கு வந்து முனகிக்கொண்டு கிடந்தேன். மத்தியானம் மைதீன் பாயைக் கொண்டு வந்தார்கள். கால் முழுக்க வெள்ளைக் கட்டு. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒரு வெரலு போயிட்டு அண்ணாச்சி. ஒம்பது இருக்கு. செருப்பு அதே சைசுதான்.”

அன்று சாயங்காலம் வரை நான் கோட்டைப் பார்க்கவில்லை. பார்த்தபோது சிவப்பு உள்ளே இறங்கியிருந்தது.

நாலாம் நாள் படுக்கை விரிப்பு மாற்றுகிறவர் வந்தார். நான் எழுந்து நின்றதும், அவர் விரிப்பைத் தொடுவதற்கு முன்னால் கோமதி குனிந்து, உள்ளங்கையால் அதை ஒரு ஓரமாக, சரசரவென்று வழித்தாள். என் தலையில் இருந்தும் காலில் இருந்தும் உதிர்ந்த செதிலெல்லாம் அவள் முந்தானையில் விழுந்தது. ஜன்னல் வழியாக உதறினாள். யோசித்துச் செய்தது அல்ல. தினமும் செய்து பழகிய கை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எழுகிறவள் அவள். நாலு வருடமாக நான் கண் விழிக்கும்போது என் படுக்கை சுத்தமாகவே இருந்திருக்கிறது. என் மிஷின் இரவில் நின்றுவிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். அவள் என் புதுச் சட்டையைப் பையில் இருந்து எடுத்தாள். நிச்சயத்துக்கு வாங்கிய வெள்ளை முழுக்கைச் சட்டை. கட்டுப் போட்ட கை அதில் நுழையவில்லை. சிஸ்டரிடம் கத்தரிக்கோல் வாங்கி, சட்டையின் வலது கையைத் தோளோடு வெட்டி எடுத்தாள்.

“இனிமே காத்து வரட்டும். வேக்காடுல இத்தன வருசம் கெடந்ததே பெரிசு.”

ஐந்தாம் நாள் நான் சிஸ்டரிடம் ரகசியமாக ஒரு வேண்டுகோள் வைத்தேன். கீறின இடத்துக்கு மட்டும் சின்னக் கட்டு போதும், மற்றது காற்றாடட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முழங்கையில் இருந்து தோள் வரை பெரிய கட்டாகப் போட்டுத் தாருங்கள் என்றேன். போட்டுக் கொடுத்தார். படை, தோகை எல்லாம் மறைந்தது. நல்ல வெள்ளை பேனர். இதை முதலிலேயே யோசித்திருந்தால் மெடிக்கல் ஷாப்போடு வேலை முடிந்திருக்கும்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுச் செல்வி வந்தாள். நான் குரலைத் தணித்து, இலத்தூருக்குப் போன் போட்டு அப்பா பைக்கில் இருந்து விழுந்துவிட்டார் என்று சொல்லிவிடு, கட்டைப் பற்றி அவர்கள் கேட்க மாட்டார்கள் என்றேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குப்பா? அவங்களுக்குத் தெரியுமே.”

“என்னட்டி தெரியும்?”

“உங்க கை. பொண்ணு பாக்க வந்துட்டுப் போனாங்கல்லா, அன்னைக்கே அவங்ககிட்ட போன்ல சொல்லிட்டேன். அப்பாக்குத் தோல்ல இப்பிடி இருக்கு, நாளைக்கு எனக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும், வீட்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு.”

“மாப்பிள்ளை என்ன சொன்னாரு?”

“கேட்டுட்டு மறுநாள் கூப்பிட்டாங்க. நிச்சயத்துக்கு நாள் பாப்போமான்னு கேட்டாங்க.”

ஒரு சுளையை என் வாயில் வைத்தாள். எனக்குப் பேச்சு வராததைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் இருந்து மைதீன் பாய், இந்த ஆஸ்பத்திரியில் இப்போதுதான் மருந்து வேலை செய்கிறது என்றார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். முதல் ரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதைக் கேட்டும் எனக்கு உட்கார முடியவில்லை. மூன்று மாதம் என்ற சொல் காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது. அடுத்த இரண்டு நாளும் கட்டை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தேன். கண்ணாடியில் பார்ப்பேன், சுற்றிவிடுவேன். நிச்சயத்தன்று காலை கோமதியை மருந்து வைக்கச் சொன்னேன். பெரிய கட்டா, சின்னக் கட்டா என்று கேட்டாள். சின்னது என்றேன்.

கோயில் வாசலில் சட்டையைக் கழற்றினேன். ஐம்பது பேர் இல்லை, எழுபது பேர் இருந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு தடவை பாதை மாறி மடப்பள்ளிப் பக்கம் போய்த் திரும்பினேன். சம்பந்தி வெறும் மார்போடு எதிரே உட்கார்ந்திருந்தார். தட்டை நீட்டினார். இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். அவர் பார்வை என் கையில் நின்றது. தட்டு எங்கள் இருவர் கையிலும் இருந்தது. அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“மயிலுக்குத் தலையை எங்க வச்சீக, சம்பந்தி?”

கோழி, விளக்குமாறு என்று கேட்டுக் கேட்டுப் போன பத்து நாளில், அதை மயில் என்று தானாகக் கண்டுபிடித்த ஒரே மனிதர் அவர்தான். தட்டு என் கைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் தோகைக் கோடுகளின் மேல், டாக்டரம்மா சொன்னபடியே, வெள்ளிச் செதில் வரிசையாக எழும்பியது. படை முன்னைவிட இரண்டு விரல் அகலம் கூடியது. களிம்பும், வாரத்துக்கு இரண்டு தடவை விளக்கு வெளிச்சச் சிகிச்சையும் நடக்கின்றன, கொஞ்சம் தணிந்திருக்கிறது. மூன்று மாதப் பரிசோதனையும் முடிந்தது. ரத்தத்தில் எதுவும் இல்லை. நோயுள்ள தோலில் அழுக்கு ஊசியால் குத்தி, எண்ணெய்த் தண்ணீரில் நனைத்ததால் கையில் சீழ் வைத்தது. ஆறு நாள் ஊசியில் ஆறியது. அவ்வளவுதான் நடந்தது. நிச்சயத்துக்கும் அந்தப் படைக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை.